பவளத்தைக் கொறிக்கும் ஏஞ்சல் மீன்

கடல் இல்லாத பெங்களூரில் வீட்டில் மீன் தொட்டி வைக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஏஞ்சல் மீன் நன்னீர் இனம். அமேசான் ஆறு அதன் பூர்வீகம். சென்னை கொளத்தூரிலும் வளர்க்கிறார்கள்.

கடல் ஏஞ்சல் வேறு. அதற்கு உப்பு நீர் வேண்டும். பவளத்துடன் விட்டால் பல வகைகள் அதன் சதையைக் கொறித்துவிடும்.

பவளம் கல் அல்ல, உயிர். மன்னார் வளைகுடாவில் மீன்களுக்கு அதுவே வீடு. மீனவருக்கு அதுவே பிழைப்பு. பாறை கட்டும் பவளத்தை 2001-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாகச் சேர்த்தார்கள். உடைத்து எடுத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

ராமநாதபுரம் பக்கம் ஊருக்குப் போய்த் திரும்புவோர் பவளத் துண்டை மூட்டையில் கட்டி வர வேண்டாம். தொட்டிக்கு நன்னீர் ஏஞ்சலே போதும்.