கஞ்சா மருந்துக்காக ஊரைக் காலி செய்தவர்கள்... நம் வலிக்கு எங்கே போவது?

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் ஒரு மருந்துக்கடை. மாலை ஆறு மணி. நெய்வேலியில் ஒப்பந்த வேலை முடித்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், கரும்பு வெட்டிவிட்டு வந்தவர், நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட அம்மா... கூட்டத்தில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான். ''வலிக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே!''

அவர்களுக்கு நடுவே ஓர் இளைஞர் தன் போனை நீட்டினார். ''அண்ணே, இந்த வீடியோவைப் பாருங்க. அமெரிக்காவுல வலிக்குக் கஞ்சாவையே மருந்தா குடுக்குறாங்களாம். அதுக்காகச் சனங்க ஊரையே காலி பண்ணிட்டுப் போறாங்களாம். எங்கப்பாவுக்குப் புற்றுநோய். ராத்திரியில வலி தாங்க முடியாம கத்துறாரு. கடனை வாங்கியாவது தாய்லாந்துக்குக் கூட்டிட்டுப் போனா கிடைக்குமாண்ணே?''

கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, ''அது எனக்குத் தெரியாது தம்பி. அப்பாவைப் பார்க்குற டாக்டர்கிட்டயே கேளு'' என்றார். இளைஞர் இரண்டு மாத்திரைகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. அதற்கான பதில் இங்கே...

ஊர் மாறியது உண்மைதான்!

அமெரிக்காவில் மருத்துவத்துக்குக் கஞ்சாவை முதலில் அனுமதித்த மாநிலம் கலிபோர்னியா. 1996-ல் மக்கள் வாக்கெடுப்பு மூலம் அது நடந்தது. 2000-ல் கொலராடோவும் அனுமதித்தது. கடுமையான வலியும் அங்கே அனுமதிக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால், கொலராடோவில் மருத்துவ அட்டை வாங்க அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். பக்கத்து மாநிலத்துக்காரர் ஒருநாள் வந்து அந்த அட்டையை வாங்கிப்போக முடியாது. அதனால்தான் வீட்டை விற்று, வேலையை விட்டுக் குடிபெயர்ந்தார்கள்.

2013-ல் ஷார்லட் ஃபிகி என்ற சிறுமியின் கதை தொலைக்காட்சியில் வந்தது. கடுமையான வலிப்பு நோய் கொண்ட அந்தக் குழந்தைக்கு, போதை தரும் பொருள் மிகக் குறைவாக உள்ள கஞ்சா எண்ணெய் கொடுத்ததில் வலிப்பு வெகுவாகக் குறைந்தது. அதைப் பார்த்த பல குடும்பங்கள் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குக் குழந்தைகளுடன் குடியேறின. அப்பா பழைய ஊரில் வேலையில், அம்மாவும் குழந்தையும் புது ஊரில் என்று பிரிந்து வாழ்ந்த குடும்பங்களும் உண்டு. சொந்த ஊருக்குத் திரும்பும்போது மருந்தை எடுத்துச் செல்லவும் முடியவில்லை. மாநில எல்லையைத் தாண்டினால், மத்திய அரசின் சட்டப்படி அது அப்போது குற்றமாக இருந்தது.

2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த ஒரு மருந்தைச் சில அரிய வகை வலிப்பு நோய்களுக்கு அங்கீகரித்தது. வலிப்புக்குச் சரி, வலிக்கு? இங்குதான் மருத்துவ உலகில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017-ம் ஆண்டு அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலியில் கஞ்சா பலன் தருவதற்கு ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. ஆனால், நாள்பட்ட வலிக்கு இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது 2019-ல் வந்த பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதல். சர்வதேச வலி ஆய்வுச் சங்கமும் 2021-ல், பொதுவாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறியது.

ஆக, வீடியோவில் சொல்வதுபோல இது எல்லா வலிக்குமான மந்திர எண்ணெய் அல்ல.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சாச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப் பகுதிதான் 'கஞ்சா'. அதிலிருந்து எடுக்கும் பிசின் 'சரஸ்'. ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கஞ்சா வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 20 கிலோவுக்கு மேல் என்றால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை சிறை. 'எங்கப்பா வலிக்காக வாங்கினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. தெருவில் கிடைப்பதில் எவ்வளவு வீரியம் இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

தனியான இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது. ஆனால், அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநில அரசுகளிடம் உள்ளது. ஆயுர்வேத, சித்த மருத்துவத்தில் இது நச்சுப் பொருள்கள் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும். ஆன்லைனில் பார்த்துத் தானாக வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.

தாய்லாந்து போனால்?

தாய்லாந்து 2018 இறுதியில் மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி அளித்தது. 2022 ஜூனில் தடைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மறுபடியும் இறுக்கியது. அங்கே வாங்கியதை ஊருக்குக் கொண்டுவந்தால் சென்னை விமான நிலையத்தில் அது கடத்தல் வழக்கு. சிங்கப்பூர் வழியாகத் திரும்புகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை.

அங்கே இருக்கும் வரை மருந்து, இங்கே வந்தால் வெறுங்கை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை அதற்காக விமானத்தில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டுமா?

பக்கத்திலேயே இருக்கும் மருந்து

அந்த இளைஞரிடம் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. புற்றுநோயின் கடும் வலிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் முதன்மையான மருந்து, மார்ஃபின். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், நம் தேசியப் பட்டியலிலும் இருக்கிறது. அபினிலிருந்து எடுக்கும் இந்த மருந்துக்கு மூலப்பொருளும் நம் நாட்டிலேயே விளைகிறது. மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் அரசு உரிமத்துடன் விவசாயிகள் பயிரிடுகிறார்கள். மாத்திரையின் விலை சில ரூபாய்தான்.

இருந்தும் ஏன் கிடைக்கவில்லை? 1985 சட்டம் கடத்தலைத் தடுக்க வந்தது. ஆனால், மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைகள் நான்கைந்து உரிமங்கள் வாங்க வேண்டியதாயிற்று. ஓர் உரிமம் வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். சிறு தவறுக்கும் கடும் தண்டனை என்ற பயத்தில் பல மருத்துவமனைகளும் கடைகளும் ஒதுங்கின. அடுத்த 12 ஆண்டுகளில் நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு 90 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. அபின் விளையும் நாட்டிலேயே நோயாளிகள் வலியில் துடித்தார்கள்.

இதை மாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் கேரளாவைச் சேர்ந்த மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால். 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர் சுரேஷ்குமாரும் அவரும் நண்பர்களும் சேர்ந்து வலி மற்றும் நோய்த்தணிப்பு சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2003-ல் திருவனந்தபுரத்தில் 'பாலியம் இந்தியா' பிறந்தது. தொடர் முயற்சியின் பலனாக 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி, ஒரே அனுமதி என்று 2015-ல் அறிவிக்கப்பட்டது. ராஜகோபாலுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சட்டம் மாறிவிட்டது. 'கேட்டால் கிடைக்கும்' என்பதுதான் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து எங்கே போவது?

* சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே, ''வலிக்கு மார்ஃபின் தேவைப்படுமா? நோய்த்தணிப்பு சிகிச்சைப் பிரிவுக்கு எழுதித் தருவீர்களா?'' என்று நேராகக் கேளுங்கள். 'பாலியேட்டிவ் கேர்' என்று கேட்டாலும் புரியும்.

* புவனகிரி வழியாகப் போனால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வடலூர் வழியாகப் போனால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, அதையும் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர். ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையமே இருக்கிறது. கிளம்பும் முன் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் விவரம் கேளுங்கள்.

* நோயாளியால் வரவே முடியாது என்றால், பயாப்ஸி முடிவு, ஸ்கேன், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தில் ஒருவர் போய்ப் பேசுங்கள்.

* 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தருவது ஓர் அங்கம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள்.

''அடிமையாகிவிட மாட்டாரா?''

எல்லாக் குடும்பங்களும் கேட்கும் கேள்வி இது. புற்றுநோய் வலிக்கு, மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளும்போது போதைப் பழக்கமாக மாறுவது அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து தருவார்கள். முதல் சில நாள்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். அளவை நாமாகக் கூட்டுவதும், திடீரென்று நிறுத்துவதும் கூடாது. மாத்திரையைப் பூட்டி வைக்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்கவே கூடாது.

'மார்ஃபின் கொடுத்தால் கடைசிக் கட்டம்' என்பதும் தவறு. வலி குறைந்தால் சாப்பிடுவார், தூங்குவார், பேரப்பிள்ளைகளோடு பேசுவார். அடுத்த சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மூட்டு வலி, முதுகு வலி, சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல் எல்லாவற்றுக்கும் மார்ஃபின் கிடையாது. அவற்றுக்கு இயன்முறைப் பயிற்சி, நரம்பு வலிக்கான தனி மாத்திரைகள், தேவைப்பட்டால் ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன. பெயர் தெரியாத வலி மாத்திரையைக் கடையில் வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் கெடும்.

அமெரிக்கக் குடும்பங்கள் ஊர் மாறியதற்குக் காரணம், தேவைப்பட்ட மருந்து சொந்த ஊரில் சட்டப்படி கிடைக்காததுதான். அந்த இளைஞரின் அப்பாவுக்கான மருந்து சட்டப்படியே இங்கு இருக்கிறது. தாய்லாந்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை தம்பி. நாளைக் காலை அப்பாவின் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறுங்கள்.