கட்டுவிரியன் கடித்தவருக்கு ஒரு குழாய்

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. தரையில் பாய் விரித்து உறங்குபவரை அது நள்ளிரவில் கடித்துவிட்டுப் போய்விடும். விடியும்போது வயிறு வலிக்கிறது என்று எழுவார். தேடிப் பார்த்தாலும் பல் பட்ட தடம் தெரியாமல் இருக்கலாம். பிறகு இமைகள் சரியும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாது. அரியாங்குப்பத்திலிருந்து அவரைக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குக் கொண்டுபோக, புதுச்சேரி நகரத்தையே கடக்க வேண்டும். அதற்குள் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடக்கூடும்.

விஷமுறிவு மருந்து இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, உடனே போட்டாக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரிக்கும் நஞ்சுதான் நம் நாட்டில் அந்த மருந்துக்கு முக்கிய மூலப்பொருள். ஆனால் அந்த மருந்து ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் பிடிக்கும். தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பு முனைகளைக் கட்டுவிரியன் நஞ்சு ஏற்கெனவே சிதைத்திருந்தால், அவை மறுபடி முளைத்தே ஆக வேண்டும். அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். மூச்சில்லாமல் மூளை தாங்குவதோ சில நிமிடங்கள்.

இந்த இடைவெளியை நிரப்புவதுதான் 'டியூப் போடுவது': வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி, அதன் வழியே மூச்சு கொடுப்பது.

மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார். முதலில் ஆம்பு பேக் என்ற காற்றுப்பையைக் கையால் அழுத்தி ஆக்சிஜன் ஏற்றி நுரையீரலை நிரப்பி வைப்பார்கள். தொண்டையில் தேங்கிய எச்சிலை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் தயாராக இருக்கும். குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை, வலக்கைக்காரரானாலும், இடக்கையில்தான் பிடிக்க வேண்டும். நுனியில் விளக்கு உள்ள அதன் பிளேடு வாயின் வலப்பக்கமாக நுழைந்து நாக்கை இடப்பக்கம் ஒதுக்கும். நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. வளைந்த நுனியை அதில் பொருத்தி மேல்நோக்கித் தூக்கினால் மூடி தானே எழும்பும். ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்கின்டாஷ் 1943-இல் வெளியிட்ட இந்த வளைவு இன்றும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. பற்களில் சாய்த்து நெம்பக் கூடாது, பல் உடையும்.

அப்போது தெரியும், குடிசையின் முகடு போலச் சாய்ந்து நிற்கும் இரண்டு வெண்ணிற நாண்கள். நாம் பேசும் குரல் பிறக்கும் இடம். வலக்கையால் குழாயை அவற்றின் நடுவே செலுத்துவார்கள். வளர்ந்த பெண்ணுக்குப் பொதுவாக உள்விட்டம் 7 மில்லிமீட்டர், ஆணுக்கு 8. பல்வரிசை அருகே பெண்ணுக்கு 21, ஆணுக்கு 23 சென்டிமீட்டர் குறி வரும்வரை. அதற்கு மேல் போனால் குழாய் மூச்சுக்குழலின் வலது கிளைக்குள் இறங்கி இடது நுரையீரல் காற்றின்றிக் கிடக்கும். வலது கிளைதான் செங்குத்தாக இறங்குகிறது.

குழாயின் அடியில் ஒரு சிறு பலூன். அதை ஊதினால் மூச்சுக்குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமல் பெருமளவு தடுக்கும். விழுங்க முடியாதவருக்கு இதுவே பாதி உயிர். அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் சுவருக்கு ரத்தம் போகாது.

குழாய் தவறி உணவுக்குழாயில் போயிருந்தால்? கண்ணையோ ஸ்டெதஸ்கோப்பையோ மட்டும் நம்பக் கூடாது. வெளிவரும் காற்றில் ஒவ்வொரு மூச்சுக்கும் கரியமில வாயு தொடர்ந்து வருகிறதா என்று கருவி காட்ட வேண்டும். இரைப்பையால் அதைத் தொடர்ந்து தர முடியாது.

இந்த யோசனை புதிதல்ல. தொண்டை அடைப்பான் நோயில் திணறிய குழந்தைகளுக்குப் பாரிஸில் எழென் பூஷு 1858-இலேயே சிறு உலோகக் குழாய் செருகிக் காட்டினார். அங்குள்ள மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. எத்தனை குழந்தைகள் பிழைத்திருப்பார்களோ என்று இன்றும் மனம் ஆறவில்லை.

ஐசியூ வாசலில் 'டியூப் போட்டுட்டாங்க' என்றால் கதை முடிந்தது என்று அழுகிறோம். கட்டுவிரியன் கடியில் அது பெரும்பாலும் நேர்மாறு. கடுமையான கடியில் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கும் அசையாமல், மூளைச்சாவு போலவே தோன்றும். உள்ளே அவர் விழித்திருக்கலாம், பேசுவது கேட்கலாம். அதனால்தான் மயக்க மருந்து தருகிறார்கள், அவசர முடிவுக்கு வராமல் காத்திருக்கிறார்கள். படுக்கையருகே போகிறவர்கள் நம்பிக்கையாகப் பேசுங்கள்.

நரம்பு முனைகள் திரும்பியதும் தலையணையிலிருந்து தலையை 5 விநாடி தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். முடிந்தால், சொந்த மூச்சும் இருமலும் போதுமா என்று பார்த்து, பலூனின் காற்றை இறக்கிக் குழாயை உருவிவிடுவார்கள். குரல் சில நாள் கரகரக்கும்.