ஏவாமல் இயங்கும் நரம்புகள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏர்க்காட்டு மலைக்குப் பேருந்தில் ஏறிச் செல்லும் மாணவன் ஒருவனைக் கருதுக. காலையில் உண்ட இட்டலி அவன் வயிற்றில் அமைதியாகச் செரித்துக்கொண்டிருக்கிறது. கொண்டையூசி வளைவொன்றில் எதிரே ஒரு லாரி திடுமெனத் தோன்றுகிறது. அக்கணமே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நா உலர்கிறது, கண்ணின் பாவை விரிகிறது, செரிமானமோ தடைப்படுகிறது. லாரி விலகிச் சென்றபின், சற்று நேரத்தில் யாவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இவற்றுள் ஒன்றையேனும் அவன் எண்ணிச் செய்தானல்லன். கையை உயர்த்த நினைத்தால் கை உயரும். நெஞ்சை நிறுத்தத் துடிக்க நினைத்தால் அது கேளாது.

இங்ஙனம் ஏவலுக்குக் காத்திராது இதயம், குடல், சுரப்பிகள் முதலியவற்றை நடத்தும் தொகுதியைத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்பர். 1898-இல் இதற்கு இப்பெயர் சூட்டியவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் லாங்லி.

மாணவன் நெஞ்சைத் துடிக்கச் செய்தவை பரிவு நரம்புகள். இவை தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்புப் பகுதியின் மேற்கூறிலிருந்தும் புறப்பட்டு, முதுகெலும்பின் இருமருங்கும் மணிகோத்த மாலைபோல அமைந்த நரம்பு முடிச்சுகளை அடைகின்றன. அங்குள்ள நரம்பணுக்கள் செய்தியை ஏற்று உறுப்புகளுக்குக் கொண்டுசெல்கின்றன. 'பரிவு' என்னும் பெயர் இவற்றுக்குச் சிறிதும் பொருந்தவில்லை. ஓர் உறுப்பின் துன்பத்தில் மற்றோர் உறுப்புப் பங்குகொள்வது நரம்புகளாலே எனப் பண்டை மருத்துவர் கருதினர். கருத்து மறைந்தும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவனைப் பின்னர் அமைதிப்படுத்தியவை எதிர்ப்பரிவு நரம்புகள். இவற்றுட் சில மூளைத்தண்டிலிருந்தும், சில தண்டுவடத்தின் கடைக்கோடியிலிருந்தும் கிளைக்கின்றன. இவற்றுள் தலையாயது வேகஸ் நரம்பு. இலத்தீன் மொழியில் இதற்கு 'அலைந்து திரிவது' என்பது பொருள். கழுத்துவழி இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் எனச் சுற்றி வருவதால் இப்பெயர் முற்றும் தகும்.

இவையன்றி, குடற்சுவரினுள் வலைபோலப் பின்னிக் கிடக்கும் நரம்பணுக்கள் பத்துக் கோடிக்கு மேற்பட்டவை. மூளையின் தொடர்பை அறுத்துவிட்டாலும் இவை குடலை அசைத்து உணவைத் தள்ளவல்லவை.

இந்நரம்பணுக்கள் தோன்றிய இடம் ஒன்று. வாழும் இடம் வேறு. கரு உண்டான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப்புறத்தே ஒரு தகடு அமைகிறது. தகட்டின் இரு விளிம்புகளும் மேலெழுந்து வளைந்து, ஒன்றையொன்று தொட்டுக் குழாயாகின்றன. நான்காம் வார முடிவில் மூடிவிடும் இக்குழாயே பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகிறது. விளிம்புகள் கூடிய முகட்டிலிருந்த சில அணுக்கள் மட்டும் பிரிந்து புறப்பட்டுவிடுகின்றன. பெருந்தமனியின் அருகே தங்குவன பரிவு முடிச்சுகளின் மாலையாகின்றன. சிறுநீரகத்தின் மேலமைந்த அட்ரினல் சுரப்பியினுள் புகுவன, அச்சக்காலத்தில் குருதியிற் கலக்கும் அட்ரினலினைச் சுரக்கின்றன. பின்கழுத்துப் பகுதியிற் புறப்படுவனவற்றின் செலவே மிக நெடியது. அவை உணவுக்குழலின் தலைப்பிற் புகுந்து, வழிநெடுகப் பெருகி, ஏழாம் வார அளவில் பெருங்குடலின் முடிவை எட்டுகின்றன.

இம்முகட்டை 1868-இல் கோழிக் கருவிற் கண்டுரைத்தவர் வில்ஹெல்ம் ஹிஸ். ஆயினும் புறப்பட்ட அணு எங்குச் சென்றது என அறிவது எங்ஙனம்? ஓர் அணுவைப் போலவே மற்றோர் அணுவும் தோன்றுமன்றோ! பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் லெ துவாரென் அம்மையார் 1969-இல் இதற்கு வழி கண்டார். சாயம் ஏற்றினால் காடையின் அணுக்கருவில் செறிந்த புள்ளி தோன்றும். கோழியின் அணுக்கருவில் அங்ஙனம் தோன்றாது. ஆதலின், முட்டையோட்டில் சிறு பலகணி திறந்து, காடைக் கருவின் நரம்புக்குழாய்த் துண்டொன்றைக் கோழிக் கருவில் அதே இடத்திற் பொருத்தினார். சில நாள் கழித்து நோக்கினால், கழுத்தருகே வைத்த காடையணுக்கள் கோழியின் குடலில் இருந்தன! அஸ்தம்பட்டிக்குத் தெற்கே, நாமக்கல் சமவெளியின் குஞ்சு பொரிப்பகங்களில் 21 நாள் அடைவைக்கப்பெறும் கருவுற்ற முட்டைகளுள்ளும் இந்நெடும்பயணமே நடைபெறுகிறது. (கடையில் விற்கும் முட்டை பெரும்பாலும் கருவற்றது, அதனுள் தேடுவது வீண்.)

பயணம் இடையில் நின்றுவிட்டால் என்னாகும்? ஏறத்தாழ 5,000 குழந்தைகளுள் ஒன்றுக்கு இவ்வணுக்கள் குடலின் கடைப்பகுதியை எட்டுவதில்லை. அக்குழந்தைக்கு மலம் இறங்காது, வயிறு உப்பும், பித்தம் கலந்த வாந்தி உண்டாகும். கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886-இல் இந்நோயை எடுத்துரைத்தார். அவரும் அவருக்குப் பின்வந்தோர் பலரும் பெருத்து வீங்கிய குடலே நோயுற்றது என மயங்கினர். உண்மையில் வீங்கிய பகுதி குற்றமற்றது. அதன் கீழே, பார்வைக்கு நலமாகத் தோன்றும் குறுகிய பகுதியிலேதான் நரம்பணுக்கள் இல்லை. அது சுருங்கியே கிடந்து வழியை அடைத்திருந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்வென்சன், குறுகிய பகுதியை நீக்கி, மேற்குடலைக் கீழிறக்கி ஆசனவாயின் அருகே இணைக்கும் முறையை 1948-இல் வெளியிட்டார். அதுவரை பிழைத்தற்கு அரியவாயிருந்த குழந்தைகள் பிழைத்து வளரலாயின.

ஆனால் நோயைக் காலத்தே கண்டறிதல் வேண்டும். நலமான குழந்தை பெரும்பாலும் பிறந்த 48 மணி நேரத்திற்குள், கரும்பச்சை நிறமுள்ள முதல் மலத்தைக் கழித்துவிடும். மகப்பேற்று மனைகளில் செவிலியர் தாயின் கட்டிலருகே வந்து, "குழந்தை வெளிக்குப் போயிற்றா, அம்மா?" என்று கேட்பது இதனையும் அறிவதற்கே.