பாலாணமும் சொதியும்

உணவு பற்றிய கட்டுரைக்குத் தமிழ்த்துறை மலரில் இடமுண்டோ என்று சிலர் வினவலாம். சொல் வாழும் இடங்களுள் அடுப்படியும் ஒன்று. நாம் குழம்பு என்பதைத் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் 'ஆணம்' என்பர். குழம்பு என்று அகராதிகள் பொருள் கூறும் இப்பழந்தமிழ்ச் சொல், ஏட்டில் அருகிப் பேச்சில் நிலைத்திருக்கிறது. தேங்காய்ப்பால் சேர்ந்த வெள்ளைக் குழம்பு பாலாணம். திருநெல்வேலியாரும் ஈழத்தாரும் இதனையொத்த குழம்பைச் சொதி என்பர். நெல்லையில் திருமணத்திற்கு மறுநாள் மருமகனுக்கு அளிக்கும் விருந்தில் இடம்பெறுவதால், 'மாப்பிள்ளைச் சொதி' என்ற பெயரும் இதற்குண்டு. ஈழத்தில் சிறிது மஞ்சள் சேர்த்து இடியாப்பத்துடன் உண்பர்.

இதன் செய்முறை எளிது, பக்குவமோ அரிது. நால்வருக்கு ஒரு பெரிய தேங்காய் போதும். துருவி, அரைக் கோப்பை வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் கிடைப்பது முதற்பால். அதனைத் தனியே வைத்து, சக்கையில் மேலும் நீர் விட்டு இரண்டாம் பாலையும் மூன்றாம் பாலையும் எடுத்தல் வேண்டும். கால் கோப்பைப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்க. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி ஆகியவற்றை நிறம் மாறாமல் வதக்கி, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணி முதலியவற்றை மூன்றாம் பாலில் வேகவிடுக. காய் வெந்தபின் பருப்பையும் இரண்டாம் பாலையும் உப்பையும் சேர்த்து ஒரு கொதி வரவிடுக. பிறகு தீயைத் தணித்து, முதற்பாலை ஊற்றிக் கிளறி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடுக. சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, சூடு சற்றுத் தணிந்தபின் எலுமிச்சைச் சாறு பிழிக.

இம்முறை மாறினால் குழம்பு திரிந்துபோகும். காரணம் யாது? தேங்காய்ப்பால், நீரில் கொழுப்புத் துளிகள் விரவிய ஒரு பால்மம் ஆகும். அத்துளிகள் ஒன்றுகூடாதவாறு சூழ்ந்து காப்பது தேங்காயிலுள்ள புரதம். வெப்பம் ஏறத்தாழ 80 பாகை செல்சியசைக் கடந்தால் அப்புரதம் நிலைகுலைந்து திரளத் தொடங்கும். காவல் இழந்த கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மிதக்கும். புளிப்பும் புரதத்தைத் திரளச் செய்யும். கொதியும் புளிப்பும் கூடினால் கேடு இருமடங்காகும். எனவேதான் கொழுப்பு மிகுந்த முதற்பால் இறுதியில் சேர்கிறது. எலுமிச்சை அதற்கும் பின்னர் வருகிறது. மசித்த பருப்பு குழம்பைத் தடிப்பாக்கிப் பால் பிரியாதிருக்கத் துணைசெய்கிறது.

மேலைநாட்டார் வெள்ளைக் குழம்பிற்குக் கோதுமை மாவை வெண்ணெயில் வறுத்துப் பால் சேர்ப்பர். கொழுப்பு மாவுத்துகள்களைப் பிரித்து வைப்பதால் கட்டி தட்டுவதில்லை. பால் சூடேறும்போது மாவுச்சத்து நீரை ஈர்த்துப் பருத்துத் தடிப்பைத் தருகிறது. அங்கே மாவு செய்யும் பணியை இங்கே பருப்பு செய்கிறது.

புதிதாகச் சமைக்கும் பெண்ணின் கையில் ஆணம் திரிந்தால், 'கைராசி இல்லை' என்று பழிப்பது நம்மிடையே உள்ள வழக்கம். குற்றம் கையில் இல்லை, தீயில் இருக்கிறது. காரணம் கூறிக் கற்பித்தால் அந்தப் பழிக்கு இடமில்லை. நம் மூதாட்டியர் காரணத்தை எழுதிவைக்கவில்லை. 'கொதிக்க விடாதே' என்ற எச்சரிக்கையாக வழங்கினர். பொதியில் வரும் தேங்காய்ப்பால் மாவு உழைப்பைக் குறைக்கிறது, அது நன்றே. ஆயினும் முதற்பால், இரண்டாம் பால் என்னும் பாகுபாடும், அதனோடு இயைந்த சொற்களும் அறிவும் அதனால் மறைந்துவிடலாகாது.

ஆதலின் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் இல்லம் செல்லும்போது, பாட்டியின் அடுப்பருகே ஒரு நாழிகை அமருங்கள்; அவர் வாய்மொழியை அப்படியே எழுதி வாருங்கள். மகளிர் மட்டுமன்றி ஆடவரும் இதனைச் செய்தல் வேண்டும். அகராதியில் இல்லாத சொல் ஒன்றேனும் உங்கள் ஏட்டில் இருக்கும்.