கழற்றி வைத்த அலைனர்

கோணலாக வளர்ந்த பற்களை நேராக்க வேண்டுமானால் உலோகக் கம்பி மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து சிரிக்கவும் கூசி, ஆண்டுக்கணக்கில் திரிவதுதான் வழி என்றிருந்த காலம் மாறி, ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அணிந்து பலரும் அதே பலனைப் பெறலாம் என்ற நிலை இன்று எட்டயபுரம் போன்ற கரிசல் சீமைச் சிற்றூர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளும், கோவில்பட்டிக் கல்லூரிகளுக்குக் காலையில் பஸ் ஏறும் மாணவிகளும், “அலைனர் போட்டிருக்கிறேன்” என்று சகஜமாகச் சொல்லக் கேட்கிறோம். ஆனால் கம்பிக்கும் அலைனருக்கும் முக்கியமான பேதம் ஒன்று உண்டு. கம்பியை மாட்டிய வைத்தியர்தான் அதைக் கழற்ற முடியும். அலைனரையோ அணிந்தவரே நினைத்த மாத்திரத்தில் கழற்றி வைத்துவிடலாம். சிகிச்சையின் சௌகரியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சிகிச்சை தடம் புரள்வதும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

அக்காள் கல்யாணம், அம்மன் கோயில் பொங்கல், பரீட்சை, காய்ச்சல் என்று ஏதோ ஒரு நிமித்தத்தால் ஒரு நாள் கழற்றி வைத்தது நான்கு நாளாகி, பத்து நாளாகி, பின்பு தட்டு வைத்த சின்னப் பெட்டியைத் திறந்து பார்க்கவே மனம் கூசும் நிலைக்கு வந்தவர்கள் அநேகர். அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறேன். இடையில் விட்டுப்போனது பெரும்பாலும் சீர்செய்யத் தக்கதே. அதற்குப் பிறகு அவசரத்தாலும் வெட்கத்தாலும் செய்கிற காரியங்களே அதிகக் கெடுதல் விளைவிக்கின்றன என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பல் ஏன் பழைய இடத்தை நாடுகிறது?

பல் என்பது தாடை எலும்போடு எலும்பாக ஒட்டிப்போன உறுப்பு அன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறையக் கால் மில்லிமீட்டர் கனத்தில் நார்த்திசு ஒன்று இருக்கிறது. மெல்லிய அழுத்தம் இடைவிடாமல் பல்லின்மீது விழுந்துகொண்டிருந்தால், நெருக்குண்ட பக்கத்து எலும்பை ஒருவகை உயிரணுக்கள் கரைக்க, இழுபட்ட பக்கத்தில் வேறுவகை உயிரணுக்கள் புதிய எலும்பைக் கட்ட, பல் சிறிது சிறிதாக இடம் பெயர்கிறது. சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் கார்ல் சாண்ட்ஸ்டெட், 1904ஆம் ஆண்டை ஒட்டி, நாய்களின் பற்களை நகர்த்தி, அந்த எலும்பை நுண்ணோக்கியில் பரிசோதித்து இந்த மாறுதலை விவரித்திருக்கிறார்.

ஒவ்வொரு அலைனர் தட்டும் சாதாரணமாகக் கால் மில்லிமீட்டர் தூரமே பல்லை நகர்த்தும்படி அமைக்கப்படுகிறது. ஒரு தட்டை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை, நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும் என்பது பொதுவான நியமம். இவ்வாறு நகர்ந்த பல்லைச் சுற்றிலும் கட்டப்பட்ட எலும்பு முதிர்ந்து இறுகுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஈறுக்குள் முறுக்கேறி நிற்கும் மீள்தன்மையுள்ள நார்கள் புதிய நிலைமைக்கு ஒத்துப்போக ஓராண்டும் ஆகக்கூடும். அதற்குள் தட்டை எடுத்துவிட்டால் அந்த நார்கள் பல்லைப் பழைய திசையிலேயே இழுக்கின்றன.

அலைனர் என்ற யோசனை பிறந்த கதையிலும் இந்தக் குணத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்த ஜியா சிஷ்டி என்பவர், பல் சீரமைப்பு முடிந்ததும் அணிந்துகொள்ளுமாறு கொடுத்த ரிட்டெய்னரைச் சில நாள் விட்டுவிட்டபோது பற்கள் நகர்ந்துவிட்டதையும், திரும்ப அணிந்தபோது அவை மெல்ல மெல்லப் பழைய வரிசைக்கு வந்ததையும் கவனித்து, அப்படியானால் இத்தகைய தட்டுகளை வரிசையாகச் செய்து பல்லை நகர்த்தினாலென்ன என்று சிந்தித்ததாகச் சொல்லப்படுகிறது. கெல்சி விர்த் என்ற அம்மையாருடன் சேர்ந்து அவர் 1997இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்ததே இன்விசலைன் என்ற அலைனர். தட்டை விட்டுவிட்டு வருந்துவோருக்கு இந்த வரலாறு ஓர் ஆறுதல்: பல் திரும்பிப்போகும் என்பது எவ்வளவு உண்மையோ, அழைத்தால் மறுபடியும் வரும் என்பதும் அவ்வளவு உண்மை.

கண்ணாடி முன் நின்று பார்க்க வேண்டியது

எத்தனை நாள் விட்டோம் என்று எண்ணிக்கொண்டு கலங்குவதைக் காட்டிலும், கடைசியாக அணிந்த தட்டு இன்று பல்லில் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதே பயனுள்ள காரியம். தட்டைக் குளிர்ந்த நீரில் அலசி, முன்பற்களில் வைத்து, விரல் நுனியால் கடைவாய் வரைக்கும் ஒரே சீராக அழுத்துங்கள். பல்லால் கடித்து ஏற்ற வேண்டாம். பிறகு நல்ல வெளிச்சத்தில், பல்லின் நுனிக்கும் தட்டின் உட்புறத்துக்கும் நடுவே வெற்றிடம் தெரிகிறதா என்று உற்று நோக்குங்கள். சரியாகப் பொருந்திய தட்டில் பல்லின் விளிம்பு தட்டின் அடியைத் தொட்டு நிற்கும். பொருந்தாத தட்டில் அங்கே நகக்கீற்று அளவுக்கு ஒரு வெளிறிய இடைவெளி தோன்றும். பல்லின்மேல் வைத்தியர் ஒட்டியிருக்கும் சிறிய மேடுகள் தட்டிலுள்ள குழிகளில் போய் அமர்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒன்றிரண்டு நாள் மட்டும் விட்டவர்களுக்குத் தட்டு சற்று இறுக்கமாக இருந்தாலும் முழுவதும் உட்கார்ந்துவிடும். அவர்கள் அதே தட்டை 22 மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்து, விட்ட நாட்களையும் கணக்கில் சேர்த்து, அடுத்த தட்டுக்கு மாறும் தேதியைத் தள்ளிப்போட்டால் போதுமானது. ஒரு வாரம், பத்து நாள் என்று ஆகியிருந்தால் தட்டு ஏறினாலும் வலியும் சிறு இடைவெளியும் இருக்கலாம். வைத்தியர்கள் கொடுக்கும் மெல்லிய ரப்பர் உருளையைத் தினம் சில நிமிஷங்கள் இதமாகக் கடித்துவர, அந்த இடைவெளி நாளடைவில் மூடும். அப்படியும் தட்டு உட்கார மறுத்தால், அதற்கு முந்தியதை எடுத்துப் பாருங்கள். அதுவும் பொருந்தாவிட்டால் அதற்கும் முந்தியது. எந்தத் தட்டு இடைவெளியின்றி அமர்கிறதோ, அங்கேதான் பற்கள் இன்று இருக்கின்றன. அதை அணிந்துகொண்டு, அன்றே வைத்தியருக்குச் சொல்லி, அவர் சொல்லும் நாள் வரை அதிலேயே இருப்பதுதான் முறை. இதற்காகவே பழைய தட்டுகளை எறிந்துவிடாமல் எண் எழுதிய உறையில் போட்டு வைக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

பல வாரங்கள், மாதங்கள் கழிந்துவிட்டவர்கள் வீட்டிலேயே இந்தப் பரீட்சையில் இறங்காமல் நேரே வைத்தியரிடம் செல்வது உத்தமம். அவர் வாயை மறுபடியும் ஸ்கேன் செய்து, இன்றைய நிலைமையிலிருந்து புதிய தட்டுகளுக்கு ஏற்பாடு செய்வார். செலவும் காலமும் கூடலாம் என்றாலும், முன்பு பட்ட பாடு முழுவதும் வீணாகிவிடுவதில்லை.

தாண்டிப்போகும் அவசரம்

இழந்த நாட்களை ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணி, பொருந்தாத தட்டை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததற்குத் தாவுவதைப் போல் விபரீதம் வேறில்லை. இந்தச் சீமைச் சம்சாரிகள் முதல் மழையை நம்பிப் போட்ட விதை காய்ந்துபோனால் அடுத்த ஈரத்தில் மறுவிதைப்புச் செய்வார்களே அல்லாமல், முளைக்காத காட்டில் களையெடுக்கப் போவதில்லை. பல்லுக்கும் அந்த வரிசைதான். அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தால் பல் விரைந்து நகர்வதில்லை; நெருக்குண்ட நார்த்திசுவில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு நகர்ச்சி தாமதமாகிறது, வலி மிகுகிறது, வேரின் நுனியும் பாதிக்கப்படக்கூடும். பல் ஆட்டம் அதிகமானாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ, சில நாளில் தணிய வேண்டிய வலி தணியாவிட்டாலோ வைத்தியரைப் பார்க்கத் தாமதிக்கலாகாது.

டீக்கடையும் கல்யாணப் பந்தியும்

நம் பக்கத்தில் அலைனர் விட்டுப்போவதற்கு முதற்காரணம் சோம்பல் அன்று. டீயும் கருப்பட்டிக் காப்பியும்தான். மூன்று வேளை உணவுக்கே ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. அதன்மேல் நான்கு முறை டீக்கடையில் நின்று, ஒவ்வொரு தடவையும் அரை மணி கழித்துத் தட்டை மாட்டினால், 22 மணி என்ற கணக்கு இருபதரையிலேயே நின்றுவிடும். தட்டோடு டீ குடிக்கலாமே என்றால் அது இன்னும் கெடுதல். சூட்டில் பிளாஸ்டிக் நெளியும், சர்க்கரை தட்டுக்குள் தங்கிப் பல்லைச் சொத்தையாக்கும். வெறும் தண்ணீர் ஒன்றே தட்டோடு குடிக்கத் தக்கது. டீயைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக்கொள்வதும், கோவில்பட்டிக் கடலை மிட்டாயையும் காராச்சேவையும் அந்த வேளையிலேயே முடித்து, வாய் கொப்பளித்து, பல் துலக்கி உடனே அணிவதும் நடக்கக்கூடிய ஏற்பாடு.

தொலைந்துபோகும் தட்டுகளோ பெரும்பாலும் கல்யாணப் பந்தியில்தான் தொலைகின்றன. காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்த தட்டு இலையோடு சேர்ந்து போய்விடும். அதற்கென்று தந்த பெட்டியைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் விட்டுவைக்கக் கூடாது.

வைத்தியரிடம் சொல்வது எப்படி?

பலர் வைத்தியர் கோபித்துக்கொள்வார் என்று அஞ்சி, ஒழுங்காக அணிந்ததாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அவர் முன்னே இருப்பது எந்த வாரத்தில் எந்தப் பல் எங்கே இருக்க வேண்டும் என்ற கணினித் திட்டம். அதோடு வாய் ஒத்துவராதபோது, உண்மைக் காரணம் தெரியாமல் அவர் வேறெதையோ சந்தேகித்துத் திருத்த முற்படுவார். “டாக்டர், பன்னிரண்டு நாள் போடலை; எட்டாவது தட்டு உக்கார மாட்டேங்குது, ஏழாவது உக்காருது” என்ற ஒரு வாக்கியம் அவருக்குப் போதும்.

வைத்தியரை நேரில் பாராமல் தபாலிலேயே தட்டு வாங்குவோர் இந்த இடத்தில்தான் நிராதரவாக நிற்கிறார்கள். அமெரிக்காவில் அவ்விதம் வீட்டுக்கே அலைனர் அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற பெரிய நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் யாரிடம் போவதென்று தெரியாமல் திகைத்தார்கள். கோவில்பட்டியிலோ திருநெல்வேலியிலோ மதுரையிலோ, வாயைத் திறந்து பார்க்கும் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவர் இருப்பது எவ்வளவு அவசியம் என்பது தட்டு விட்டுப்போன அன்றுதான் தெரியும்.

கடைசித் தட்டு முடிந்த பின்னும் இதே எச்சரிக்கை தேவைப்படுகிறது. பற்களை நிலைநிறுத்த இரவில் அணியும் ரிட்டெய்னரை மாதக்கணக்கில் விட்டவர்கள், அது ஏறவில்லையென்றால் பலவந்தமாக அழுத்தாமல், அதைக் கையில் எடுத்துக்கொண்டே வைத்தியரிடம் போகட்டும். சிறு நகர்வாக இருந்தால் இரண்டு மூன்று தட்டுகளிலேயே அவர் அதைத் திருத்திப் புதிய ரிட்டெய்னர் செய்துதரக்கூடும்.