தகவல் தொடர்பு ஆசிரியர்களின் உலகச் சங்கம்: யார் ஆள்வது, எவ்வாறு?

பத்திரிகையாளரைப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவிப்பது என்னும் பழக்கம் மிகப் பழமையானதன்று. அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனிப் பள்ளியைத் தொடங்கியது 1908ஆம் ஆண்டில். அந்நாட்டின் இதழியல் ஆசிரியர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டது 1912இல். இந்தியத் துணைக்கண்டத்தில் லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இல் இப்படிப்பைத் தொடங்கியது. புதுதில்லியில் இந்திய மக்கள் தொடர்புக் கழகம் 1965இல்தான் அமைந்தது. இவ்வாறு ஒவ்வொரு நாட்டிலும் சிறு எண்ணிக்கையினராக, பிற துறையினரால் ஓரளவு ஐயத்துடனேயே நோக்கப்பட்டு வந்த இவ்வாசிரியர்கள், எல்லை கடந்து ஒருவரையொருவர் தேடியதில் வியப்பில்லை.

அவ்வாறு தேடியதன் விளைவாக எழுந்த சங்கங்கள் வகுப்பறையை ஆள்வதில்லை. எவருக்கும் பட்டம் வழங்குவதுமில்லை. எனினும் அவை முடிவு செய்யும் செய்திகள் சிறியன அல்ல. அடுத்த மாநாடு எந்த நகரில் கூடும், அங்கு எம்மொழியில் பேசலாம், எந்த நாட்டின் சிக்கல் ஆராய்ச்சிப் பொருளாக ஏற்கப்படும், ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் கருத்துக் கேட்கும்போது ஆசிரியர்கள் சார்பில் எழுந்து பேசுபவர் யார் என்பனவெல்லாம் சங்கத்தின் விதிகளாலும் தேர்தல்களாலும் தீர்மானமாகின்றன. கிராமத்து வானொலி மன்றம் பற்றிய ஆய்வும் பெருநகரத் தொலைக்காட்சி பற்றிய ஆய்வும் ஒரே தட்டில் நிறுக்கப்படுமா என்பது இறுதியில் யாரிடம் வாக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்ததே.

தோற்றம்

இத்துறையில் உலகளாவிய பழைய அமைப்பு, சுருக்கமாக ஐ.ஏ.எம்.சி.ஆர். எனப்படும் மக்கள் தகவல் தொடர்பு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம். யுனெஸ்கோவின் ஊக்கத்தால் 1957 டிசம்பரில் பாரிஸ் நகரில் இது நிறுவப்பட்டது. முதல் தலைவர் ஃபெர்னாண்ட் தெர்ரூ, பிரெஞ்சு நாட்டுப் பத்திரிகைச் சட்ட வல்லுநர். அவருக்குப்பின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் நிக்ஸனும், சுவிட்சர்லாந்தின் ஜாக் பூர்க்கேயும் தலைமை ஏற்றனர். தொடக்க ஆண்டுகளில் இது சிறிய அமைப்பே. மேலை ஐரோப்பியரும் அமெரிக்கருமே அதன் நடைமுறைகளை உருவாக்கினர் எனலாம். ஆயினும் யுனெஸ்கோவின் தொட்டிலில் பிறந்த குழந்தை எல்லா நாட்டவரையும் உறுப்பினராக ஏற்கக் கடமைப்பட்டிருந்தது. அக்கடமையே பிற்காலத்தில் அதன் ஆட்சிமுறையை மாற்றியது.

ஆட்சியின் அமைப்பு

சங்கத்தின் கட்டமைப்பு மூன்று படிகளைக் கொண்டது. உறுப்பினர் அனைவரும் அடங்கிய பொதுப்பேரவை உச்ச அதிகாரம் உடையது. அதற்கடுத்து, உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்படுவோரும் ஆய்வுப் பிரிவுகளின் தலைவர்களும் இடம்பெறும் சர்வதேச மன்றம். அன்றாட நிர்வாகத்தைத் தலைவர், துணைத் தலைவர்கள், பொதுச்செயலாளர், பொருளாளர் ஆகியோரைக் கொண்ட நிர்வாகக் குழு கவனிக்கிறது.

காகிதத்தில் இவ்வாறிருப்பினும், நடைமுறையில் சங்கத்தின் உயிர் ஆய்வுப் பிரிவுகளில்தான் இருக்கிறது. சட்டம், வரலாறு, அரசியல் பொருளாதாரம், இதழியல் கல்வி என்றவாறு பொருள்வாரியாக அமைந்த இப்பிரிவுகளே மாநாட்டுக்கு வரும் கட்டுரைகளைப் பரிசீலித்து ஏற்கின்றன அல்லது தள்ளுகின்றன. தொலைவிலுள்ள ஒரு கல்லூரியின் இளம் விரிவுரையாளருக்குச் சங்கத் தலைவர் யார் என்பதைவிட, தம் கட்டுரையைப் படிக்கும் பிரிவுத் தலைவர் யார் என்பதே முக்கியம். இப்பதவிகளுக்கான தேர்தலை உறுப்பினர் பலர் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டியது இதுவே.

இரு முகாம்களுக்கு நடுவே

1972இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் கூடிய பேரவை, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாலோரனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பொதுச்செயலாளர் பொறுப்பு கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்து எமில் துசிஷ்காவிடம் சென்றது. மாஸ்கோவின் யாசென் சசூர்ஸ்கியும் ஃபின்லாந்தின் கார்லே நோர்டென்ஸ்ட்ரெங்கும் துணைத் தலைவர்களாகப் பணியாற்றினர். உலகமே இரு முகாம்களாகப் பிரிந்திருந்த காலத்தில் தலைமை மேற்கிலும் செயலகம் கிழக்கிலும் இருந்த இவ்வேற்பாடு தற்செயலாக நேர்ந்ததன்று. மாநாட்டு இடங்களிலும் அதே சமநிலை பேணப்பட்டது: 1974இல் லைப்சிக், 1976இல் லெஸ்டர், 1978இல் வார்சா, 1980இல் கராகஸ், 1982இல் பாரிஸ், 1984இல் பிராக், 1986இல் புதுதில்லி.

இம்முறையின் நன்மை வெளிப்படை. வேறெங்கும் ஒரே மேசையில் அமர வாய்ப்பில்லாத ஆசிரியர்கள் இங்கு அமர்ந்தனர். செய்திகள் வளர்ந்த நாடுகளிலிருந்து ஒருவழியாகவே பாய்கின்றன என்னும் மூன்றாம் உலகின் முறையீட்டுக்கு ஆராய்ச்சி ஆதாரம் தேடியவர்களுள் இச்சங்கத்தினர் பலர் உண்டு. யுனெஸ்கோ அமைத்த மக்பிரைட் குழு 1980இல் தன் அறிக்கையை வெளியிட்டபோது அவ்வாதங்கள் உலக அரங்கேறின. அக்குழுவின் பதினாறு உறுப்பினருள் இந்தியாவின் பி.ஜி. வர்கீஸும் ஒருவர்.

ஆனால் சமநிலைக்கும் ஒரு விலை உண்டு. ஹாலோரன் 1990 வரை பதினெட்டு ஆண்டுகள் தலைவராக நீடித்தார். இரு தரப்பும் ஏற்கும் ஒருவர் கிடைத்துவிட்டால் அவரை மாற்ற எவரும் துணிவதில்லை என்பது கூட்டுறவுச் சங்கம் முதல் சர்வதேசச் சங்கம் வரை காணக்கூடிய இயல்பு. அவரது திறமையைக் குறைகூற இடமில்லை. எனினும், ஒரு தலைமுறை ஆசிரியர் பணியில் சேர்ந்து மூத்தோராகும் வரை தலைமை மாறாதிருப்பது எந்த அமைப்புக்கும் நலமன்று. 1990இல் நெதர்லாந்தின் கேஸ் ஹாமெலிங்கும், 1994இல் ஈரானில் பிறந்து வாஷிங்டனில் பணிபுரிந்த ஹமீத் மௌலானாவும் பொறுப்பேற்றபின் மாற்றம் விரைவு பெற்றது. பெண் ஒருவர் தலைவராவதற்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ராபின் மேன்செல் பதவியேற்றார். ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பெண்கள் பெருந்தொகையினராயுள்ள துறைக்கு இது நீண்ட காத்திருப்பே.

வாக்கும் சந்தாவும்

வாக்குரிமையில் முதற்கேள்வி, உறுப்பினர் என்பவர் தனிமனிதரா, நிறுவனமா என்பது. ஐ.ஏ.எம்.சி.ஆர். இரு வகையினரையும் ஏற்கிறது. நிறுவன உறுப்பினர் முறையால் ஏழை நாட்டுத் துறைகள் பயன்பெறுகின்றன. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த ஆண்டுகளில், இந்திய ஆசிரியர் ஒருவர் வெளிநாட்டுச் சங்கத்துக்குச் சந்தா அனுப்புவது எளிய செயலாக இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரால் அனுப்புவது ஓரளவு இயன்றது. ஆனால் நிறுவனத்தின் வாக்கை அளிப்பவர் அதன் தலைவராகவே இருப்பார். அவர் அரசின் நியமனம் பெற்றவராயின், அது ஆசிரியரின் குரலா அரசின் குரலா என்னும் ஐயம் எழும். தனிமனித உறுப்பினர் முறையில் இந்த ஐயம் இல்லை. அதற்குப் பதில், ஆசிரியர் தொகை மிகுந்த செல்வ நாடுகளே பேரவையை நிரப்பிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே நூறு விழுக்காடு நியாயமான சூத்திரம் எதுவும் இல்லை.

இரண்டாவது, வாக்கு எங்கே அளிக்கப்படுகிறது என்பது. மாநாடு கூடும் நகரில், கூட்ட மண்டபத்தில் கைதூக்கி வாக்களிப்பதாயின், விமானக் கட்டணம் செலுத்தி வந்தவருக்கே வாக்கு. பார்சிலோனாவில் மாநாடு கூடினால் ஐரோப்பியரும், சியோலில் கூடினால் கிழக்காசியரும் மிகுதியாக வருவர். அவ்வாண்டு முடிவுகளில் அதன் சாயல் தென்படும். ஆகவே இடத்தைத் தேர்வதும் ஒருவகையில் வாக்காளரைத் தேர்வதே. தற்போது தேர்தல்கள் இணையவழி நடத்தப்படுவதால் இக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. ஊரிலிருந்தே வாக்களிக்கலாம், ஆனால் வேட்பாளரை நேரில் அறிந்து வாக்களிக்கும் வாய்ப்பு பயணம் செய்பவருக்கே இன்னும் உண்டு.

சந்தாவைப் பொறுத்தவரை, உறுப்பினரின் நாட்டு வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைத்து நிர்ணயிக்கும் முறை கைக்கொள்ளப்படுகிறது. இது சலுகையன்று. கட்டணம் சமமாயிருந்தால் உரிமை சமமாயிராது என்பதை ஏற்றுக்கொண்ட விதியாகும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

சந்தா மட்டும் கொண்டு உலகச் சங்கம் நடத்துவது கடினம். செயலகத்துக்கு இடமும் எழுத்தரும் பொறுப்பாளர் பணிபுரியும் பல்கலைக்கழகம் தரும் உதவியாகவே கிட்டுவது இத்தகைய சங்கங்களில் வழக்கம். பொறுப்பாளர் மாறினால் கோப்புகளும் நாடு மாறும். ஓர் அரசு அலுவலகத்தின் ஆவணக் காப்பாளர் இதைக் கேட்டால் திகைப்பார்.

வெளியுதவியும் நிலையானதன்று. 1984 இறுதியில் அமெரிக்காவும் அடுத்த ஆண்டில் பிரிட்டனும் யுனெஸ்கோவிலிருந்து விலகின. யுனெஸ்கோவின் வரவில் நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது; அது நின்றதும், யுனெஸ்கோவை நம்பியிருந்த ஆய்வுப் பணிகள் அனைத்துக்கும் நெருக்கடி நேர்ந்தது. செய்திப் பாய்வு குறித்த விவாதமே அவ்விலகலுக்குக் காரணங்களுள் ஒன்று என்பதை நினைத்தால், ஆராய்ச்சியாளரின் சொல்லுக்கும் சங்கத்தின் பணப்பெட்டிக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

வேறு வழியில் அமைந்த நிறுவனமும் உண்டு. 1971இல் சிங்கப்பூர் அரசும் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் எபர்ட் அறக்கட்டளையும் இணைந்து தொடங்கிய ஆசியத் தகவல் தொடர்பு ஆராய்ச்சி மையம், சுருக்கமாக அமிக், சங்கமாகப் பிறக்கவில்லை, மையமாகப் பிறந்தது. உறுதியான நிதியும் ஊழியரும் நூலகமும் தொடக்கத்திலேயே அதற்கு வாய்த்தன. 1974 முதல் ‘மீடியா ஏஷியா’ என்னும் இதழையும் நடத்தியது. ஆசிய ஆசிரியர் பலருக்கு, ஐரோப்பாவைவிடச் சிங்கப்பூர் அருகில் இருந்தது. தம் பகுதியின் ஆய்வுகள் ஒரே இடத்தில் தொகுக்கப்பட்டும் கிடைத்தன. ஆனால் நிதியளிப்பவர் ஒதுங்கும் நாளில் இத்தகைய மையம் புதிய இல்லம் தேட வேண்டியதாகிறது. அமிக் பின்னாளில் மணிலாவுக்குப் பெயர்ந்தது. பணம் குறைந்த சங்கத்துக்குத் தன்னாட்சி மிகுதி, பணம் மிகுந்த மையத்துக்கு வசதி மிகுதி. இரண்டும் ஒருங்கே கிடைப்பது அரிது.

2007 ஜூனில் சிங்கப்பூரில் கூடிய முதல் உலக இதழியல் கல்விப் பேரவை மூன்றாவது வழியைக் காட்டிற்று. பல நாட்டு ஆசிரியர் சங்கங்கள் தம்முள் கூடி அமைத்த மன்றம் அதனை நடத்தியது. வளரும் நாடுகளுக்கென யுனெஸ்கோ தயாரித்த இதழியல் மாதிரிப் பாடத்திட்டம் அங்கேதான் வெளியாயிற்று.

மொழியும் பெயரும்

ஐ.ஏ.எம்.சி.ஆர். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்றையும் ஆட்சிமொழிகளாகக் கொண்டுள்ளது. மூன்றுமே ஐரோப்பாவில் பிறந்தவை. சீனம், அரபு, இந்தி பேசும் கோடிக்கணக்கானோரின் ஊடகங்களை ஆராய்பவர் அயல்மொழியில் எழுதியே அரங்கேற வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவை எண்ணிப் பார்ப்பவர் இதற்கு உடனடித் தீர்வு கூறத் துணியமாட்டார். பெயரில் மட்டும் மாற்றம் நிகழ்ந்துள்ளது: 1996இல் ‘மக்கள் தகவல் தொடர்பு’ என்னும் சொற்றொடர் நீங்கி, ‘ஊடகம் மற்றும் தகவல் தொடர்பு’ என்பது இடம்பெற்றது. கணினியும் தொலைபேசியும் கலந்துவிட்ட உலகில் பழைய பெயர் பொருந்தாமற் போனதே காரணம்.

இந்தியாவில் இச்சங்கம் இருமுறை கூடியுள்ளது: 1986இல் புதுதில்லியில், 2014 ஜூலையில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில். 2020இல் ஃபின்லாந்தின் தாம்பரே நகரை மையமாகக் கொண்ட மாநாடு கொள்ளைநோயால் முழுதும் இணையவழி நடைபெற்றது. பயணச்செலவு கிட்டாத ஆசிரியர்கள் இருந்த இடத்திலிருந்தே கட்டுரை படிக்க முடிந்தது.

இந்தியப் பல்கலைக்கழகத் துறையொன்று நிறுவன உறுப்பினராகச் சேர விரும்பினால், சந்தாவுக்கு அனுமதி பெறுவதோடு மற்றொன்றையும் முன்கூட்டியே கோப்பில் பதிவு செய்வது நன்று. துறையின் வாக்கை யார் அளிப்பது, அவர் அதனை ஆசிரியர் குழுவைக் கலந்து அளிக்க வேண்டுமா என்பது அது. துறைத் தலைவர் சுழற்சி முறையில் மாறுபவர். சங்கத்துத் தேர்தல் நான்காண்டுக்கு ஒருமுறை வருவது. தேர்தல் அறிவிப்பு முன்னாள் தலைவரின் முகவரிக்கே சென்று, திறக்கப்படாமல் கிடப்பதும் நடக்கக்கூடியதே.