வரிசை எண்ணும் பேரேடும்: பழைய ரைபிளின் வயதை அறிவது எப்படி?

பழைய பொருள்களை வாங்கி விற்பதும் ஒரு வணிகமே. நாணயம், தபால்தலை, கடிகாரம் ஆகியவற்றைப் போலவே அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகளுக்கும் பெரிய சந்தை உண்டு. இது நம் கடைகளில் விற்கும் சரக்கு அன்று. ஆயினும், பொருளில் அடித்துள்ள எண்ணைக் கொண்டு அதன் வயதைக் கண்டறியும் முறை, பில் புத்தகமும் இருப்புப் பேரேடும் வைத்துத் தொழில் செய்யும் நமக்கு எளிதில் விளங்கக்கூடியது. அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு.

எடுத்துக்காட்டாக வின்செஸ்டர் நிறுவனத்தின் 1894 மாடல் ரைபிளைப் பார்ப்போம். இந்த நிறுவனத்தை ஆலிவர் வின்செஸ்டர் 1866-இல் நிறுவினார். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் அதன் தொழிற்சாலை இயங்கியது. 1894 மாடலை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். மான் வேட்டைக்காரர்களிடையே இதற்கு நல்ல பெயர். பத்து லட்சமாவது ரைபிள் 1927-இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கும், இருபது லட்சமாவது 1953-இல் ஐசனோவருக்கும் அன்பளிப்பாக வழங்கப்பட்டன. இவ்வளவு விற்ற சரக்கு என்பதால் இன்றும் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கிறது. எது எந்த ஆண்டினது என்பதுதான் கேள்வி.

குழலும் மரக்கட்டையும் வந்து சேரும் நடுப்பகுதியை ரிசீவர் என்பார்கள். அதன் அடிப்பக்கத்தில், முன் ஓரத்தில் வரிசை எண் அடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் எந்த எண் வரை அடித்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. கையிலுள்ள எண் அதில் எந்த இரு ஆண்டுகளுக்கு இடையே விழுகிறது என்று பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடும். ஆனால் முதலில் மாடலை உறுதி செய்துகொள்ள வேண்டும். 1,47,000 என்ற எண் 1894 மாடலில் இருந்தால் அது 1898-ஆம் ஆண்டினது. அதே எண் 1873 மாடலில் இருந்தால் அது 1880-களைச் சேர்ந்தது. இரண்டு பில் புத்தகங்களில் ஒரே எண்ணுள்ள பில் இருப்பது போன்றதே இது.

ஓர் ஆண்டு முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது தொல்பொருள் வகையில் சேரும். மத்திய சட்டத்தின் உரிம விதிகள் அதைக் கட்டுப்படுத்தா. 1899-இல் செய்யப்பட்டதாயின் எல்லா விதிகளும் பொருந்தும். 1894 மாடலுக்கு இந்த எல்லைக்கோடு 1,47,684 என்ற எண்ணில் விழுகிறது. அடுத்த எண்ணைத் தொல்பொருள் என்று சொல்லி விற்றவர் வாடிக்கையாளரை ஏமாற்றியவர் ஆகிறார். சட்டத்தையும் மீறியவர் ஆகிறார். மாநிலச் சட்டங்கள் வேறு தனியே உள்ளன.

இனி, எந்தத் தேதி என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கிடங்கில் உள்ள ஒரு பெட்டிக்கும் தயாரித்த தேதி, வரவு வைத்த தேதி, அனுப்பிய தேதி என்று மூன்று உண்டல்லவா? வின்செஸ்டரிலும் அப்படியே. மெருகேற்றும் அறையில் ரிசீவரில் எண்ணை அடித்தது ஒரு தேதி. முழுமையான ரைபிள் கிடங்குக்கு வந்தது ஒரு தேதி. வியாபாரிக்கு அனுப்பியது ஒரு தேதி. 1898 டிசம்பரில் எண் அடித்த ரைபிள் 1899-இல் வண்டியேறியிருக்கலாம். அனுப்பிய தேதியை மட்டும் பார்ப்பவர் அதைப் புதியது என்று தள்ளிவிடுவார். சட்டமோ ரிசீவரையே துப்பாக்கியாகக் கணக்கிடுகிறது. எனவே எண் அடித்த தேதிக்கே மதிப்பு.

இந்தப் பேரேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கட்டணம் செலுத்தினால், பதிவில் உள்ளபடி சான்றுக் கடிதம் தருகிறார்கள். 1894 மாடலுக்கு 3,53,999 என்ற எண் வரை இவ்வகை விவரம் கிடைக்கும். அச்சில் வந்த சில பட்டியல்கள் மூலப் பதிவேட்டோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே பெருந்தொகை கொடுப்பவர்கள் கடிதத்தைக் கேட்டு வாங்குகிறார்கள்.

எண் ரிசீவரின் வயதைத்தான் சொல்லும். மற்ற உறுப்புகளின் வயதைச் சொல்லாது. 1905 முதல் வின்செஸ்டர் சோதனை முத்திரையாக வட்டத்துக்குள் இரு எழுத்துகளை அடித்தது. 1898-ஆம் ஆண்டு ரிசீவரில் பொருத்திய குழலில் அந்த முத்திரை இருந்தால், குழல் பின்னாளில் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். எண்ணைச் சுற்றி உலோகம் தேய்ந்தோ, எண் திருத்தப்பட்டோ இருந்தால் அத்துடன் விலகிவிட வேண்டும். எண்ணை அழிப்பது அங்கே குற்றம்.

விலையிலும் எண்ணுக்குப் பங்குண்டு. 1964-இல் செலவைக் குறைக்க வடிவமைப்பை மாற்றி, தகட்டை அழுத்திச் செய்த உறுப்புகளைச் சேர்த்தார்கள். புதிய வரிசை 27,00,000-இல் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றுக்குச் சேகரிப்பவர்கள் இன்றும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். வின்செஸ்டரின் சிக்கனம் பேரேட்டில் வெறும் எண் மாற்றமே. சந்தையிலோ அது தரத்தின் எல்லையாகிவிட்டது.

நாம் இதிலிருந்து கொள்ள வேண்டியது என்ன? எண் தானாகப் பேசாது. அதற்குரிய பேரேடுதான் பேசுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குமாஸ்தா மையில் எழுதிய வரி இன்று ஒரு பொருளின் விலையையும் அதன் சட்ட நிலையையும் தீர்மானிக்கிறது. நம் கடையிலும் லாட் எண், வரவுத் தேதி, அனுப்பிய தேதி ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதி வைப்போம். சரக்கு பற்றிப் புகார் வரும் நாளில், நம் பக்கம் நின்று பேசுவது அந்த வரிதான்.